பாணி

யாழ்ப்பாணத்து வேலணையில் பனம்பாணிக்கும் இருமலுக்குக் கொடுக்கும் பாணிமருந்துக்கும் சொல் ஒன்றே. பருகத்தக்கது எனப் பொருள்படும் ‘பானீயம்’ என்னும் வடசொல்லின் வழிவந்த பாணி, நிகண்டுகளில் நீரைக் குறித்து, பின்னர்ச் சர்க்கரைக் குழம்பாகி, ஈழத்தில் இனிப்பான குடிமருந்துக்கும் பெயராயிற்று. ‘சிரப்’பும் பானத்தைக் குறிக்கும் அரபுச் ‘சராப்’பின் வழியதே, சர்பத்து அதன் உடன்பிறப்பு. ஆனால், நீரிற் சிதையும் இயல்பினால் இனிப்பும் பழமணமும் சேர்த்துத் தூளாகவே அடைக்கப்படும் அமொக்சிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை, கொதித்தாறிய நீரைப் போத்தலின் குறிவரை விட்டுக் குலுக்கும்வரை, பாணி என்பது பொருந்தாது. குலுக்கிய பின்னும் அது கரைசலன்று, வைத்தால் துகள் அடியில் மண்டும் கலங்கலே. இத்தகைய தூளுக்கு ‘உலர் சிரப்’ என்னும் முரண்தொடரினும் ‘பாணித்தூள்’ தெளிவானது, மருந்துக்கடைக்காரர் சர்பத்துத் தூளை எடுத்து நீட்டாதவரை.