தீர்வை குறைந்தும் தடை குறையாமை ஏன்?

அயல்நாட்டுப் பண்டம் ஒரு நாட்டினுட் புகுவதை அரசாங்கம் இருவகையாகத் தடுக்கலாம். சுங்கத் தீர்வை விதித்து அதன் விலையை உயர்த்துதல் ஒன்று. இவ்வளவே வரலாம், இத்துறைமுகத்தின் வழியே வரலாம், அநுமதிப் பத்திரம் பெற்றவரே தருவிக்கலாம் என நிபந்தனை வகுத்தல் மற்றொன்று. வாணிப ஒப்பந்தங்கள் முன்னையதைக் குறைக்குந்தோறும் பின்னையது தலைதூக்குதலை வரலாற்றிற் காண்கின்றோம். இதன் காரணத்தை அறிய நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. இலங்கையின் வரலாறே தக்க சான்று தரும்.

1931ஆம் ஆண்டின் இறுதியில் யப்பான் பொன் நியமத்தைக் கைவிட்டது. அதன் நாணயம் மதிப்பிழந்தது. யப்பானியத் துணிகள் மிக மலிவாக இலங்கைக்கு வந்தன; ஏழை மக்கள் அவற்றை விரும்பி வாங்கினர். 1932ஆம் ஆண்டின் ஒட்டாவா ஒப்பந்தம் பேரரசின் பண்டங்களுக்குத் தீர்வைச் சலுகை அளித்திருந்தும், லங்காஷயர் ஆலைகளால் அவ்விலையோடு போட்டியிட முடியவில்லை. எனவே 1934இல் பிரித்தானிய அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகளில் அத்துணிக்கு அளவு வரையறை செய்தது. 1927 முதல் 1931 வரையான சராசரி இறக்குமதியே அதற்கு அடிப்படை. நம் அரசாங்க சபை இணங்காமையால், முடியின் கட்டளை வாயிலாக அது இங்கே திணிக்கப்பட்டது. முதற் காரணம் இதனாற் புலனாகும்: தீர்வையை மலிந்த விலை தாண்டிவிடலாம், அளவு வரையறையை எவ்விலையும் தாண்ட முடியாது.

இரண்டாவது காரணம் சுதந்திர இலங்கையிலேயே வெளிப்பட்டது. தீர்வை, வாணிபம் பற்றிய பொது உடன்படிக்கை 1947ஆம் ஆண்டு ஜெனீவாவில் 23 நாடுகளால் வகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான இலங்கை 1948இல் அதன் உறுப்பு நாடாயிற்று. இணங்கிக் கொண்ட தீர்வையை நினைத்தவாறு உயர்த்தும் உரிமை இதனால் அற்றது. உள்நாட்டுக் கைத்தொழில்களை வளர்க்கும் வேட்கையோ அறவில்லை. ஆகவே 1949ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கைத்தொழிற் பண்டங்கள் சட்டம் பிறந்தது. உள்ளூர்ப் பண்டத்தைக் குறித்த விகிதத்தில் வாங்கிய வணிகருக்கே அயற்பண்டத்தைத் தருவிக்க இச்சட்டம் இடமளித்தது. உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை அளவுத் தடைகளைப் பொதுவாக விலக்கியபோதிலும், 18ஆம் உறுப்புரை வளரும் நாடுகளுக்கு விதிவிலக்குத் தந்தது. அதனைத் துணைக்கொண்டு இலங்கை அவ்வாண்டே அனெசி அமர்வில் அநுமதி கோரியது. தீர்வை என்னும் வாயில் ஒப்பந்தத்தாற் பூட்டப்பட்டபோது, அரசு வேறு வாயிலை நாடிற்று.

மூன்றாவது காரணம் உள்நாட்டு உற்பத்தியாளரின் நெருக்குதல். 1998 டிசம்பரிற் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கைச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையை நோக்குக. இலங்கைத் தேயிலைக்கு இந்தியா தீர்வையைக் குறைத்தது. ஆயின் ஆண்டிற்கு 1.5 கோடி கிலோவுக்கே அச்சலுகை. தொடக்கத்தில் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்கள் வழியாகவே அது செல்லவேண்டியிருந்தது. ஆடைகளுக்கு 80 இலட்சம் எனும் வரையறை; அவற்றுள் 60 இலட்சம் இந்தியத் துணியினால் தைக்கப்படல் வேண்டும். நட்பு நாட்டிற்குச் சலுகை, உள்நாட்டாருக்குக் காப்பு என இருசாராரையும் ஒருங்கே நிறைவுசெய்ய இந்நிபந்தனைகள் உதவின. இதில் இந்தியாவை மாத்திரம் குறைகூறல் நீதியன்று. இலங்கையும் பிற்காலத்திற் சுங்கத் தீர்வைக்குப் புறம்பாகச் செஸ் முதலிய அறவீடுகளை இறக்குமதிகள் மீது சுமத்தியது.

இவ்விருவகைத் தடைகளுள் எது தீங்கு மிக்கது? தீர்வையால் ஏறும் விலையின் ஒரு பகுதி திறைசேரியைச் சேரும். அதன் வீதத்தை யாவரும் அறிவர். அளவுத் தடையால் ஏறும் விலையோ, பெரும்பாலும் அநுமதிப் பத்திரம் வைத்திருப்பவரின் பையைச் சேரும். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, புறக்கோட்டை வணிகருள் பத்திரம் பெற்றவர் ஒரு சாரார், பெறாதவர் மற்றொரு சாரார் எனப் பிரிவு தோன்றியது. திறமையினும் பத்திரமே பெறுமதி மிக்கதாயிற்று. 1977இல் அரசாங்கம் பெரும்பாலான அளவுத் தடைகளை நீக்கித் தீர்வைகளை வைத்தமை இவ்வநுபவத்தின் பயனே எனலாம். 1994இல் மரக்கேஷ் உடன்படிக்கையும் வேளாண் பொருள்கள் மீதான அளவுத் தடைகளைத் தீர்வையாக மாற்றுமாறு விதித்தது.

ஆகவே, ஓர் ஒப்பந்தத்தின் பயனை அதன் தீர்வை அட்டவணையைக் கொண்டு மாத்திரம் அளத்தல் தவறு. அளவு, துறைமுகம், மூலப்பொருள், அநுமதி ஆகியவற்றைக் கூறும் பின்னிணைப்புக்களையும் ஊன்றி வாசித்தல் வேண்டும். பேரம் பேசும் வலிமை குன்றிய சிறிய நாட்டிற்கு இவ்விழிப்பு இன்றியமையாதது. நாளை அரசாங்க அலுவலராகவும் வணிகராகவும் விளங்கப்போகும் மாணவர் இதனை மனங்கொள்வாராக.