பஸ் கண்ணாடியும் ரூபர்ட் இளவரசரின் துளியும்



பல வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்தினேன். "சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத்தண்ணி ஊற்றினால் விரிசல் விடும்" என்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், பஸ் ஜன்னல் கண்ணாடி மட்டும் உடைஞ்சா ஏன் கல்கண்டு மாதிரி கொட்டுது?" "அது வேற கண்ணாடிடா, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாராவுக்குப் போய்விட்டேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. அந்தக் கடனை இன்று அடைக்கிறேன்.

இந்தக் கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1660-ல் ரூபர்ட் என்ற இளவரசர் சில கண்ணாடித் துளிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். உருகிய கண்ணாடியைக் குளிர்ந்த நீரில் சொட்டவிட்டால் தலைப்பிரட்டை வடிவில் வரும் துளி அது. தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலின் நுனியை ஒடித்தால் மொத்தமும் பொடியாகிவிடும். மன்னர் இரண்டாம் சார்லஸ் அதை ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். ராபர்ட் ஹூக் 1665-ல் வெளியிட்ட தம் 'மைக்ரோகிராஃபியா' நூலில் இதை ஆராய்ந்து எழுதினார்.

காரணம் இதுதான். வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் சூடு. பிறகு உட்புறம் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிப்போன மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. மேற்பரப்பு நாலாபுறமும் அமுக்கப்பட்ட நிலையில் நிற்பதால் அங்கே கீறல் எளிதில் விரியாது. கீறல் உள்ளே போய்விட்டாலோ, அங்கே தேங்கியிருக்கும் இழுவிசை கண்ணாடி முழுவதையும் நொறுக்கிவிடும்.

இதை ஜன்னலுக்குப் பயன்படுத்த 200 வருடங்களுக்கு மேல் ஆனது. 1874-ல் பிரெஞ்சுக்காரர் டி லா பாஸ்டி, சூடான கண்ணாடியை எண்ணெயில் முக்கிக் குளிர்வித்தார். தண்ணீரைவிட எண்ணெய் மெதுவாகக் குளிர்விக்கும் அல்லவா! ஆனாலும் சில பொருட்கள் யாரும் தொடாமலே வெடித்தன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எண்ணெயின் இடத்துக்குக் காற்று வந்தது.

கண்ணாடியைச் சுமார் 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, மேலும் கீழும் வரிசையாக அமைந்த துளைகளிலிருந்து காற்றைப் பீச்சுகிறார்கள். சூடான காபியை நாம் ஊதுவது மாதிரிதான். மேலே படிந்திருக்கும் சூடான காற்றுப் படலத்தை வேகக்காற்று கிழித்துத் தள்ளுகிறது.

சிக்கலும் இங்கேதான். காற்றுத் தாரை நேராக மோதும் இடம் வேகமாகக் குளிரும். தள்ளிப்போகப் போகக் குளிர்ச்சி குறையும். அதனால்தான் ஒரு துளை போதாமல் பல துளைகள். அதிலும் ஒரு தாரை மோதிய காற்று ஓரம் நோக்கி ஓடும்போது பக்கத்துத் தாரையை வளைத்துக் கெடுக்கும். துளை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும்? 1977-ல் ஜெர்மானியர் ஹோல்கர் மார்ட்டின் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துக் கணக்குக் கொடுத்தார். விசிறி இழுக்கும் சக்தி வீணாகாமல் இருக்க, வட்டத் துளையின் விட்டம் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், துளைகளுக்கு இடைவெளி உயரத்தைப் போல் 1.4 மடங்கும் இருப்பது நல்லது என்றார். காகிதம் உலர்த்துவதற்கும் விமான எஞ்சினின் டர்பைன் தகடுகளைக் குளிர்விப்பதற்கும் இதே வகைத் தாரைகள்தான் உதவுகின்றன.

போன மாதம் காரில் போகும்போது பேரன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, "தாத்தா, முன்னாடி போற கார் பின்கண்ணாடியில புள்ளி புள்ளியா தெரியுதே!" என்றான். அவன் போட்டிருந்தது போலரைஸ்டு கண்ணாடி. அந்தப் புள்ளிகள் அழுக்கல்ல. தொழிற்சாலையில் காற்று மோதிய தடம். கொஞ்சம் ஏற்றத்தாழ்வாகக் குளிர்ந்ததால் பதிந்த அடையாளம்.

வீட்டில் கண்ணாடிக் கதவோ பாத்ரூம் தடுப்போ போடுபவர்கள் டஃபன்டு கிளாஸ்தானா என்று மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடி கத்தி போல உடையும். குழந்தைகள் ஓடும் வீட்டில் ஆபத்து. அளவை முதலிலேயே சரியாகச் சொல்லுங்கள். பதப்படுத்திய பிறகு வெட்டினால் பொடியாகிவிடும்.

பின்பெஞ்சுத் தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. கேள்வி உன்னுடையது. நான் உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்