'சாலூ பூப்ளிக்' ஆங்கிலத்தில் பிழையாகப் பெயர்க்கப்பட்டதா? 1793 ஏப்ரல் 6 ஆணையை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

பிரெஞ்சுப் புரட்சி அரசின் இயங்குமையமாக இருந்த 'கொமிதே த சாலூ பூப்ளிக்', ஆங்கிலத்தில் 'கமிட்டி ஆஃப் பப்ளிக் சேஃப்டி' என்று வழங்குகிறது. இது பழம்பிழை என்னும் கருத்து மொழிபெயர்ப்பு ஆய்வில் வேரூன்றிவிட்டது. 'சாலூ' என்றால் மீட்பு, உய்வு. அதை 'சேஃப்டி' ஆக்கியதால் ஒரு குடியரசின் உயிர்ப்போராட்டம் காவல்துறை விவகாரமாகச் சிறுத்துவிட்டது. 'சால்வேஷன்' என்று திருத்தினால்தான் மூலத்தின் வீச்சு ஆங்கிலத்தில் கிட்டும் என்பது அத்தரப்பின் வாதம். இதை என்னால் ஏற்க இயலவில்லை. 1793இன் ஆங்கில அரசியல் வழக்கில் அக்குழுவின் பெயருக்கு 'பப்ளிக் சேஃப்டி'யே மிகப் பொருத்தமான தொடர். 'சால்வேஷன்' என்னும் திருத்தமோ, அந்த ஏப்ரலில் இல்லாத ஒன்றைப் பெயருக்குள் ஏற்றுகிறது. இவ்விரண்டையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

எதிர்த்தரப்பின் குறை முற்றிலும் ஆதாரமற்றது அன்று. இன்றைய அமெரிக்கர் ஒருவர் 'பப்ளிக் சேஃப்டி' என்று கேட்டால் அவர் மனத்தில் எழுவது காவலரும் தீயணைப்பு வண்டியும்தான். டெக்சாஸ் மாநிலம் 1935இல் தன் காவல் துறைக்கு வைத்த பெயரிலேயே இத்தொடர் இருக்கிறது. அந்தச் செவியோடு ரோபெஸ்பியரின் குழுவை அணுகினால் பெயர் சப்பென்றுதான் ஒலிக்கும். ஆனால் பிற்கால ஆங்கிலம் ஒரு சொல்லைக் குறுக்கிக்கொண்டதற்கு 1793இன் மொழிபெயர்ப்பாளரைக் குற்றவாளி ஆக்க முடியாது. அவர் கையில் இருந்த மூலம் என்ன சொன்னது என்பதே முதற்கேள்வி.

மூலம் என்று நான் கொள்வது புரட்சிப் பிரான்சின் சட்டமன்றமான கன்வென்ஷன் 1793 ஏப்ரல் 6 அன்று நிறைவேற்றிய ஆணையை. இதைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பெயரை அறுதியிட அதன் விதிகளைப் பயன்படுத்துவோர் குறைவு. தளபதி துய்மூரியே ஆஸ்திரியர் பக்கம் தாவியது அதற்கு முந்தைய நாள். வாந்தேயில் மார்ச் முதலே கிளர்ச்சி. சனவரியில் அமைக்கப்பட்ட பொதுத் தற்காப்புக் குழு 25 பேராக விரிந்து, விரைந்து முடிவெடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் ஒன்பது பேர் கொண்ட புதிய குழு வருகிறது. புதிய குழு, தற்காப்புக் குழுவின் வாரிசு என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறினாலும் வேலையின் தொடர்ச்சி அறுபடவில்லை.

ஆணையின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். குழு மறைவாகக் கூடி ஆராயும். தற்காலிக நிர்வாக மன்றத்தின் செயல்களைக் கண்காணிக்கும், அவற்றை முடுக்கிவிடும். தேச நலனுக்கு எதிரானவை என்று கருதினால் மன்றத்தின் உத்தரவுகளை நிறுத்திவைக்கலாம். ஆனால் உடனே கன்வென்ஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அவசர வேளைகளில் வெளிப்பகைக்கும் உட்பகைக்கும் எதிரான பொதுத் தற்காப்பு நடவடிக்கைகளை எடுக்கலாம். மறைவான செலவுகளுக்கென ஒரு லட்சம் லீவ்ர் உண்டு. கருவூலமோ குழுவின் பிடிக்குள் வராது. வாரந்தோறும் எழுத்துமூல அறிக்கை தர வேண்டும். ஆயுள் ஒரே மாதம்.

இந்த விதிகளில் மீட்பரின் சாயல் எங்கே இருக்கிறது? பகைவர் எல்லையில் நிற்கும்போது அரசின் கையையும் காலையும் ஒருங்கிணைக்க ஒரு மாதக் கெடுவில் அமைக்கப்பட்ட, கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்ட ஒரு தற்காப்பு உறுப்பைத்தான் ஆணை விவரிக்கிறது. அதன் முதன்மைக் கலைச்சொல் 'வெளியும் உள்ளுமான பொதுத் தற்காப்பு'. 'சாலூ பூப்ளிக்' என்னும் பெயருக்கு ஆணை தரும் விளக்கம் இதுவே என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இதனினும் வலுவான சான்று ஒன்று அதே ஆணையில் உள்ளது. நிர்வாகத்தின் பணியாளர்களுக்கு எதிராக அன்றி, வேறு யாருக்கும் எதிராகக் கைதாணை பிறப்பிக்கக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. ஆள்பிடிக்கும் வேலை வேறொரு குழுவுக்கு உரியது. அது 1792 அக்டோபரில் அமைக்கப்பட்ட 'சூர்த்தே ழெனெரால்' குழு. அதாவது, பிரெஞ்சு அரசியல் மொழி ஒன்றையொன்று ஒட்டிய இரு கருத்துகளை இரு சொற்களால் பிரித்துவைத்திருந்தது. அரசு அழியாமல் நிலைப்பது 'சாலூ'. ஐயத்துக்குரியவரைக் கண்காணித்துப் பிடிப்பது 'சூர்த்தே'. ஒரு பெயரைத் தனியே எடுத்துக்கொண்டு அகராதியைப் புரட்டினால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. எதிர்த்தரப்பு செய்திருப்பது ஏறக்குறைய அதைத்தான்.

குழு அந்த வரம்புக்குள் நிற்கவில்லையே என்று கேட்கலாம். நிற்கவில்லை. ரோபெஸ்பியர் சூலை 27இல் சேர்ந்தார். அக்டோபர் 10 ஆணை, அமைதி திரும்பும்வரை அரசு புரட்சி அரசாகவே இயங்கும் என்றது. டிசம்பர் 4இன் சட்டம் குழுவின் பிடியை நாடெங்கும் இறுக்கியது. 1794 வசந்தத்தில் குழு தனக்கென்று ஒரு காவல் பணியகத்தையும் ஏற்படுத்திக்கொண்டது. ஆனால் அந்தப் பணியகம் உடனே சூர்த்தே குழுவின் பகையைச் சம்பாதித்தது; அவ்வாண்டு சூலையில், புரட்சி நாட்காட்டியின் தெர்மிதோர் மாதத்தில், ரோபெஸ்பியரை வீழ்த்தியோரில் அக்குழுவினரும் இருந்தனர். தன் எல்லைக்குள் அத்துமீறல் நடந்ததாக ஒரு தரப்பு கொதித்தது என்றால், எல்லை ஒன்று இருப்பதாக எல்லாரும் அறிந்திருந்தார்கள் என்றுதானே பொருள்? மேலும், பெயர் சூட்டப்பட்டது ஏப்ரலில். அடுத்த ஆண்டு சூனில் நடந்த பரம்பொருள் விழாவின் ஒளியில் அந்தப் பெயரை வாசித்து அதற்குச் சமய மணம் ஏற்றுவது காலமயக்கம்.

இனி ஆங்கிலத்தின் பக்கம். 'சாலூ பூப்ளிக்' சிசரோ வழிவந்த 'சாலுஸ் பொபுலி'யின் வழித்தோன்றல் என்பதை இரு தரப்பும் ஒப்புகின்றன. ஆங்கிலம் அந்த இலத்தீன் தொடரை முன்பே தன்வயமாக்கியிருந்தது. ஹாப்ஸ் தம் 'லெவியதா'னில் (1651) அதை மக்களின் 'சேஃப்டி' என்றே பெயர்த்தார். அதோடு நில்லாமல், 'சேஃப்டி' என்பது வெறுமனே உயிர் தப்புவது அன்று, முறையான உழைப்பால் ஒருவர் அடையும் வாழ்வின் பிற நிறைவுகளும் அதில் அடங்கும் என்று 30ஆம் அதிகாரத்தில் விளக்கவும் செய்தார். 'சேஃப்டி' குறுகிய சொல் என்போர் இந்த அதிகாரத்துக்கு விடை சொல்லியாக வேண்டும்.

நிறுவன வழக்கும் இதே திசையில்தான் செல்கிறது. 1642 சூலையில் மன்னருடன் போர் மூளவிருந்த வேளையில் இங்கிலாந்து நாடாளுமன்றம் அமைத்தது 'கமிட்டி ஆஃப் சேஃப்டி'. அமெரிக்கக் குடியேற்றங்கள் தம் விடுதலைப் போரின் தொடக்கத்தில் அமைத்த குழுக்களுக்கும் அதே பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசமைப்பு ஆட்கொணர்வு உரிமையை எப்போது நிறுத்திவைக்கலாம் என்று சொல்லுமிடத்தில், கிளர்ச்சியோ படையெடுப்போ நேர்ந்து 'பப்ளிக் சேஃப்டி' அதை வேண்டும்போது என்கிறது. கிளர்ச்சி, படையெடுப்பு: உள், வெளி. ஆறே ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் ஆணை வகுத்த அதே இரட்டை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. அதற்கு நேரடிச் சான்று வேண்டும். ஒரே அரசியல் நிலைமைக்கு ஆங்கிலம் கைவசம் வைத்திருந்த தொடர் இது என்பது மட்டுமே என் வாதம். அதற்கு இச்சான்று போதும்.

'செக்யூரிட்டி' எங்கே போயிற்று? அது ஏற்கனவே வேறிடத்தில் அமர்ந்துவிட்டது. 1789 உரிமைப் பிரகடனத்தின் இரண்டாம் விதியில் வரும் 'சூர்த்தே'யை, 1791இல் வெளியான 'மனித உரிமைகள்' நூலில் தாமஸ் பெய்ன் 'செக்யூரிட்டி' என்று தந்திருந்தார். ஆகவே சூர்த்தேக்கு 'செக்யூரிட்டி', சாலூவுக்கு 'சேஃப்டி' என்ற பங்கீடு பிரெஞ்சின் இருமையை ஆங்கிலத்திலும் காப்பாற்றியது. அந்தப் பெய்னையே 1793 டிசம்பர் இறுதியில் கைதுசெய்தது சூர்த்தே குழுதான். இரண்டு குழுக்களுக்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கு ஏட்டளவில் நின்றுவிடவில்லை.

'சாலூ' தேவாலயத்தில் ஆன்ம மீட்பையும் குறிக்கிறதே என்னும் மறுப்பு நெடிய விவாதத்துக்கு உரியதன்று. சால்வேஷன் ஆர்மியின் பிரெஞ்சுப் பெயரில் 'சாலூ' இருப்பது உண்மை. 'பூப்ளிக்' என்னும் அடை சேர்ந்ததும் பிரெஞ்சுச் செவி பாதிரியாரை மறந்துவிடுகிறது. ரூசோவின் 'சமூக ஒப்பந்த'த்தில் சர்வாதிகாரம் பற்றிய அதிகாரத்தில் தாயகத்தின் 'சாலூ' பேசப்படும்போது அங்கே ஆன்மாவுக்கு வேலையில்லை. ஆங்கிலச் 'சால்வேஷன்' எந்த அடையைச் சேர்த்தாலும் பாதிரியாரை விட்டுப் பிரிவதில்லை.

பிற்கால வழக்குகள் இந்தச் சிக்கலின் இன்னொரு முகத்தைக் காட்டுகின்றன. 1871 மே 1 அன்று பாரிஸ் கம்யூன் 45க்கு 23 என்ற வாக்கில் ஒரு 'சாலூ பூப்ளிக்' குழுவை அமைத்தது. எதிர்த்து வாக்களித்தோரை உறுத்தியது தனியதிகாரத்தின் அச்சம். 1793இன் பெயர் அந்த அச்சத்தைக் கூர்மையாக்கியது. 1958 மே 13 அன்று அல்ஜியர்ஸில் தளபதி மஸ்ஸூவின் தலைமையில் எழுந்த குழுவும் அதே பெயரைத் தரித்தது. நான்காம் குடியரசு சில வாரங்களுக்குள் சரிந்தது, தெகோல் ஆட்சிக்கு வந்தார். கம்யூனும் படைத்தளபதிகளும் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள். இருவரும் பெயரை எடுத்தது ஒரே வரலாற்றிலிருந்து. ஆங்கிலத்தில் 1793க்கு ஒரு சொல், 1871க்கு இன்னொன்று, 1958க்கு மூன்றாவது என்று பெயர்த்தால் இந்த எதிரொலி அறுந்துபோகும். 1793க்கு மட்டும் 'சால்வேஷன்' என்று திருத்துவோர், மே 1958இன் ஆங்கிலச் செய்தித்தாள்களையும் திருத்தப் போகிறார்களா?

தமிழுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலம் வழியாக நாம் பெற்ற 'பொதுப் பாதுகாப்புக் குழு' என்னும் பெயரை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் 'பாதுகாப்பு' என்னும் ஒரே சொல் 'சேஃப்டி'யையும் 'செக்யூரிட்டி'யையும் சேர்த்து விழுங்கிவிடுவதால், சூர்த்தே குழுவையும் 'பொதுப் பாதுகாப்பு' என்றே எழுதும் அபாயம் இருக்கிறது. அப்படி எழுதினால் தெர்மிதோரில் யார் யாரை வீழ்த்தினார்கள் என்பதே வாசகருக்கு விளங்காது. சூர்த்தே குழுவைப் 'பொதுக் காவல் குழு' என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. கைதாணை யார் கையில் இருந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.