கல்லின் பின்னிருந்து வந்த குரல்

1952 ஆம் ஆண்டு தீபாவளியன்று ‘பராசக்தி’ வெளியானது. தீபாவளியை ஏற்காத இயக்கத்தின் கருத்துகளைச் சொன்ன படம் தீபாவளியன்றே மக்களிடம் வந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம் என்பவை அனைவரும் அறிந்தவை. தடை செய்யவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன, படம் ஓடியது. வசனங்கள் இசைத்தட்டுகளாகவும் புத்தகங்களாகவும் பரவின. அவற்றைத் தெருவோரத்தில் ஒப்பித்துக் காசு பெற்றவர்களும் உண்டு.

அதன் கோயில் காட்சியை மீண்டும் பார்க்கையில் நமக்கு வேறொன்று புலப்படுகிறது. கல்யாணியிடம் தவறாக நடக்க முயன்ற பூசாரி, சிலைக்குப் பின்னிருந்து ஒலிக்கும் குணசேகரனின் குரலைக் கேட்டு, பேசுவது அம்பாளோ என்று மயங்குகிறான். அரங்கம் அவனைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களோ, திரைக்குப் பின்னிருந்து ஒலிபெருக்கி வழியே வந்த குரலுக்கு மெய்சிலிர்த்துக் கொண்டிருந்தார்கள்! இது ஏளனமன்று, அந்த மயக்கம் நமக்கும் உரியதே.

அப்படியாயின் பக்தி குறைந்ததா? படமே அதைக் கோரவில்லை. கோயிலையன்று, அது கொடியவர் கையில் சிக்குவதையே எதிர்ப்பதாகக் குணசேகரன் நீதிமன்றத்தில் விளக்கமளிக்கிறான். தணிக்கைக்கு அஞ்சிய தந்திரம் என்று இதைக் கொள்வாருண்டு. நம் எண்ணம் வேறு. பூசாரியை வெறுத்துக்கொண்டே அம்மனைக் கும்பிடுவது தமிழ்க் கிராமங்களுக்குப் புதிதன்று. மக்களிடம் முன்பே இருந்த அந்தக் கசப்பைத்தான் படம் உரக்கப் பேசியது. ஆகவே அது உடைத்ததைவிட உறுதிப்படுத்தியதே மிகுதி என்போம். ஆனால் ஒன்றை மெய்யாகவே மாற்றியது: கருவறை முன் நின்று கேள்வி கேட்கலாம் என்ற துணிவு, பொது இடத்தில் சொல்லத்தக்க பேச்சாயிற்று.

1965இல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வந்தது. அதே முகம், அதே கணீர்க்குரல், இப்போது சிவபெருமானாக. வெள்ளிவிழா கண்டது. இரண்டே ஆண்டுகளில், 1967இல், அதே மக்கள் தி.மு.க.வை ஆட்சியில் அமர்த்தினார்கள். இதில் முரண் எதையும் அவர்கள் கண்டதாகத் தெரியவில்லை; ஆய்வாளர்களுக்கே அது இடர்ப்பாடு.

கட்சி மாநாட்டில் குணசேகரன் முழங்கிய அதே வாடகை ஒலிபெருக்கியில், ஆடித் திருவிழாவில் தருமியின் புலம்பல் கேட்டது. கட்டியவர் ஒருவரே. கேட்டவர்களும் நாமே.