சோங்சிங்: மூடுபனி காப்பாத்திய ஊர்

பழைய புத்தகங்கள்ல 'சுங்கிங்'னு போட்டிருப்பாங்க. சியாலிங் ஆறு யாங்சியோட வந்து கலக்குற இடத்துல, பாறையை ஒட்டிக்கிட்டு நிக்கிற ஊர். தெருன்னு சொன்னாலும் பாதி இடத்துல படிக்கட்டுதான். சைக்கிளுக்குப் பேர் போன சீனாவுல சைக்கிளே அதிகம் புழங்காத ஊருன்னா பாத்துக்குங்க. மூங்கில் கழியில சுமையைத் தொங்கவிட்டு தோள்ல தூக்கிட்டுப் படியேறுற 'பாங்பாங்' கூலிகள்தான் ரொம்ப காலத்துக்கு இந்த ஊரோட லாரி சர்வீஸ்.

கோடையில உலை மாதிரி கொதிக்கும். குளிர்காலம் வந்தா ஆத்து ஈரம் மூடுபனியா எழும்பி ஊரையே மறைச்சிடும். சரித்திரத்துல இந்தப் பனிக்கு ஒரு பெரிய வேலை இருந்தது.

1937-ல ஜப்பான் படை நான்ஜிங்கை நெருங்கினப்போ, சியாங் கை ஷேக் அரசு தலைநகரை இங்கே மாத்திச்சு. மலை இருந்ததால தரைப்படை வந்து சேர முடியலை. ஆனா விமானம் வந்தது. 1938 அக்டோபர்ல வூஹான் விழுந்ததும் அங்கிருந்தே கிளம்பி வந்து குண்டு போட்டாங்க. 1939 மே 3, 4, இரண்டே நாள்ல செத்தவங்க ஏறத்தாழ 4,000 பேர். அதே வருஷம் ஆகஸ்ட்ல விருந்தாளியா வந்த நேருவும் இங்கே விமானத் தாக்குதலைப் பார்த்தவர்தான்.

பனிக்காலம் முழுக்க விமானிக்கு ஊர் தெரியாது. வானம் தெளிஞ்சாதான் பயம். வெயில் அடிச்சா மனசு கனக்குற ஊரைக் கற்பனை பண்ணிப் பாருங்க! குன்று மேல கம்பத்துல சிவப்பு உருண்டை ஏறினா, எல்லாரும் பாறையைக் குடைஞ்ச சுரங்கத்துக்கு ஓடணும்.

அந்தச் சுரங்கமே 1941 ஜூன் 5 ராத்திரி எமனாச்சு. குண்டுவீச்சு பல மணி நேரம் நீண்டது. உள்ளே அளவுக்கு மீறின கூட்டம், காத்தோட்டம் இல்லை, வாசல்ல நெரிசல். மூச்சு முட்டியும் மிதிபட்டும் செத்தவங்க அரசுக் கணக்குப்படி ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பல ஆயிரம்னு சொல்றவங்களும் உண்டு. குண்டு போட்டவன் எதிரி. ஆனா சுரங்கத்துக்குக் காத்து வர வழி பண்ணாதது சொந்த அரசாங்கம். அதனாலதான் மக்கள் கோபம் அன்னிக்கு ரெண்டு பக்கமும் திரும்பிச்சு.

1946-ல தலைநகர் நான்ஜிங்குக்கே திரும்பிப் போயிடுச்சு. சுரங்கங்கள் மிஞ்சிச்சு. இப்போ அதுல பல இடம் ஓட்டல். உள்ளே குளுகுளுன்னு இருக்கும். நடுவுல அடுப்பு வெச்சு, மிளகாய் எண்ணெய் கொதிக்கக் கொதிக்க 'ஹாட்பாட்' சாப்பிடறாங்க. படகுத்துறைத் தொழிலாளிங்க மலிவான மாட்டுக் குடலை வேகவெச்சுத் தின்ன பழக்கத்துல இருந்து வந்த சாப்பாடுன்னு சொல்வாங்க.

செத்த இடத்துல விருந்தான்னு எனக்கு முதல்ல ஒரு மாதிரி இருந்தது. ஆனா அந்த ஊர் எதையும் மறக்கலை. வருஷா வருஷம் ஜூன் 5-ம் தேதி நகரம் முழுக்க அபாயச் சங்கு ஊதுறாங்க. சங்கு ஓய்ஞ்சதும் சுரங்கத்துல மறுபடி அடுப்பு எரியும். அதுல தப்பு இருக்கிறதா எனக்கு இப்போ தோணலை. உங்களுக்கு?