ஒப்பரேஷன் முடிந்த பிறகும் எக்கோ எதற்கு?



"ஒப்பரேஷன் முடிஞ்சு எத்தனையோ வருஷம். பிள்ளை நல்லா ஓடியாடித் திரியுது. இனி என்னத்துக்கு கிளினிக்?" பிறவி இதயக் குறைபாட்டுக்குச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளின் வீடுகளில் நாம் கேட்கும் பேச்சு இது. இதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது.

உதடும் நகமும் நீலமாகிப்போகும் 'டெட்ராலஜி ஒஃப் ஃபாலோ' நோயை எடுத்துக்கொள்வோம். இதயவறைகளுக்கு இடையே துவாரம். நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் ஒடுக்கம். 1944இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பிளலொக், டௌசிக், விவியன் தோமஸ் ஆகியோர் இதற்கு ஒரு மாற்று வழி கண்டார்கள். நீலம் குறைந்தது, துவாரம் அப்படியே இருந்தது. 1954இல் மினசோட்டாவில் லில்லஹை இதயத்தையே திறந்து, துவாரத்தை அடைத்து, ஒடுக்கத்தை அகலமாக்கினார். 'முழுமையான திருத்தம்' என்று உலகம் மகிழ்ந்தது.

அதே காலத்தில் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற இதய வைத்தியர், நெஞ்சைத் திறக்காமல் வால்வைப் பார்க்க வழி தேடினார். அவரோடு சேர்ந்தவர் ஹெர்ட்ஸ் என்ற இளம் பௌதிகவியலாளர். உலோகத்தில் வெடிப்பிருக்கிறதா என்று காதுக்குக் கேட்காத ஒலியால் சோதிக்கும் கருவியொன்று மல்மோ கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. ஹெர்ட்ஸ் அதை இரவல் வாங்கித் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். 1953 ஒக்டோபர் 29இல் இருவரும் இதயத்தின் அசைவை ஒலியால் பதிவு செய்தார்கள். எக்கோ பிறந்தது இப்படித்தான். பின்னர் அசையும் படமும், இரத்தம் ஓடும் திசையையும் வேகத்தையும் காட்டும் டொப்ளரும் வந்தன.

திருத்தம் செய்யப்பட்ட அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோதுதான் ஓர் உண்மை தெரியவந்தது. அகலமாக்கிய வழியில் வால்வு சரியாக மூடாமல், இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. பிள்ளைக்குப் பல வருடங்கள் எதுவும் தெரியாது. ஆனால் வலது இதயவறை மெல்ல மெல்லப் பெருக்கிறது. களைப்பும் படபடப்பும் வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடலாம். கசிவையும் வீக்கத்தையும் எக்கோ முன்கூட்டியே காட்டினால், உரிய நேரத்தில் வால்வை மாற்றலாம். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, வலியுமில்லை.

ஆகவே கிளினிக் கொப்பியையும் ஒப்பரேஷன் அறிக்கையையும் பத்திரப்படுத்துவோம். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும். பிள்ளை பெரியவரானதும் கிளினிக்கைக் கைவிட வேண்டாம். பெண் பிள்ளையென்றால், கர்ப்பம் தரிக்க முன்பே இதய வைத்தியரிடம் பேசட்டும்.

நெஞ்சில் தழும்புள்ள ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இதை அவர்களுக்கு எத்திவையுங்கள்.