இரட்டை இயங்குதளக் கணினிகளும் வன்தட்டுப் பிரிவு மீட்பும்

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் முறை 'டூயல் பூட்' அல்லது இரட்டை இயங்குதள முறை எனப்படும். இதற்காக வன்தட்டு, பார்ட்டிஷன் எனப்படும் பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதைக் குறித்து வைக்கும் அட்டவணை சிதைந்தால், வன்தட்டே காலியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அட்டவணை இழப்பு வேறு, தரவு இழப்பு வேறு. இந்த வேறுபாட்டைச் சுற்றியே தரவு மீட்பின் வரலாறு அமைந்துள்ளது.

தமிழ்நாட்டில் இரட்டை இயங்குதளம்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகள் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய இயங்குதளம். அதன் முதல் பதிப்பு 2007இல் வெளிவந்தது.

மாநிலம் முழுவதற்குமான திட்டம் என்பதால் சென்னை, கோவை போன்ற நகரங்களோடு இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி போன்ற ஊர்களின் வட்டாரங்களுக்கும் இரட்டை இயங்குதளக் கணினி போய்ச் சேர்ந்தது. வீட்டின் முதல் கணினியே அதுவாக இருந்த மாணவர்கள் பலர். கோளாறு வந்தால் அவர்கள் நாடக்கூடிய இடம் அருகிலுள்ள பழுதுபார்க்கும் கடை. அங்கே எளிதில் கிடைக்கும் தீர்வு 'ஃபார்மட் அடித்து ஓஎஸ் போடுவது'. திட்ட அறிக்கையும் குடும்பப் படங்களும் அத்துடன் போய்விடும். மீட்கக்கூடிய நிலையில் இருந்த தரவு, மீட்க முடியாத நிலைக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

512 பைட்டு அட்டவணை

சிக்கலின் வேர் 1983இல் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் ஐபிஎம் நிறுவனம் 10 எம்பி வன்தட்டுடன் பிசி எக்ஸ்டி கணினியையும் டாஸ் 2.0 இயங்குதளத்தையும் வெளியிட்டது. ஒரே தட்டை ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்கள் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்யும் பிரிவு அட்டவணை அப்போதே வடிவமைக்கப்பட்டது. தட்டின் முதல் செக்டரான எம்பிஆர் அதன் இருப்பிடம். அதன் 512 பைட்டுகளில் முதல் 446 பைட்டுகள் கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலுக்கும், அடுத்த 64 பைட்டுகள் அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் உரியவை. ஒரு பிரிவுக்கு 16 பைட்டு என்பதால் நான்கு பிரிவுகளுக்கு மட்டுமே இடம் இருந்தது.

320 ஜிபி வன்தட்டில் சுமார் 62.5 கோடி செக்டர்கள் உண்டு. அத்தனையின் எல்லைக் கணக்கும் ஒரே செக்டரில், மாற்றுப் பிரதி எதுவும் இல்லாமல் இருந்தது. நான்கு பிரிவுகள் போதாதபோது 'எக்ஸ்டெண்டட்' பிரிவு வந்தது. அதற்குள் இருக்கும் உட்பிரிவு ஒவ்வொன்றும் அடுத்ததன் இடத்தைச் சங்கிலி போலச் சொல்லும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் கண்ணில் படாமல் போகும். லினக்ஸ் பெரும்பாலும் இந்த உட்பிரிவுகளில்தான் நிறுவப்பட்டது.

வழக்கமான கோளாறுகள்

விண்டோஸை மீண்டும் நிறுவும்போது அது 446 பைட்டுப் பகுதியில் தன் நிரலை எழுதிவிடும். அங்கிருந்த லினக்ஸின் 'க்ரப்' ஏற்றி நிரல் அழியும். லினக்ஸ் காணாமல் போனது போலத் தெரிந்தாலும் அதன் கோப்புகளுக்கு எதுவும் ஆவதில்லை. லைவ் குறுவட்டிலிருந்து க்ரப்பை மீண்டும் நிறுவினால் போதும்.

இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. லினக்ஸ் தேவையில்லை என்று விண்டோஸிலிருந்தே அந்தப் பிரிவை நீக்கினால், க்ரப் தன் கோப்புகளைத் தேடிக் கிடைக்காமல் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும். விண்டோஸ் முழுமையாக இருந்தும் திறக்காது.

மூன்றாவது, நான்கு முதன்மைப் பிரிவுகளும் நிரம்பிய தட்டில் விண்டோஸ் வழியே ஐந்தாவதை உருவாக்க முயல்வது. அப்போது விண்டோஸ் தட்டை 'டைனமிக்' வகைக்கு மாற்றப் பரிந்துரைக்கும். ஒப்புக்கொண்டால் பழைய அட்டவணையின் பொருளே மாறிவிடும்.

மீட்புக் கருவிகள்

நிலத்தின் புலப்படம் தொலைந்தால் நிலம் தொலைவதில்லை. நில அளவையர் எல்லைக் கற்களைத் தேடிப் புதிய படம் வரைவார். பிரெஞ்சு நிரலாளர் கிறிஸ்தோஃப் கிரெனியே 1998இல் தொடங்கிய 'டெஸ்ட்டிஸ்க்' என்ற கட்டற்ற மென்பொருள் செய்வதும் இதுவே. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பிரிவு, தன் முதல் செக்டரின் பிரதி ஒன்றைப் பிரிவின் கடைசியிலும் வைத்திருக்கும். லினக்ஸின் எக்ஸ்ட் வகைப் பிரிவுகள் 'சூப்பர்பிளாக்' எனப்படும் தலைமைக் குறிப்பின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்திருக்கும். தட்டு முழுவதையும் தேடி இந்த எல்லைக் கற்களைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டிஸ்க், அவற்றைக் கொண்டு அட்டவணையை மீண்டும் எழுதும். வெற்றி பெற்றால் கோப்புகள் பழைய பெயர்களோடும் அடைவுகளோடும் திரும்பக் கிடைக்கும்.

கோப்பு முறைமையே சிதைந்திருந்தால் அவரது மற்றொரு கருவியான 'ஃபோட்டோரெக்' உதவும். ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் உள்ள அடையாளப் பைட்டுகளை அது தேடும். ஆனால் கோப்புப் பெயர்கள் திரும்பாது. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட கோப்புகள் முழுமையாகக் கிடைக்காமலும் போகலாம். தட்டே பழுதாகியிருந்தால், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் நகலெடுக்கும் ஜிஎன்யு திட்டத்தின் 'டிடிரெஸ்க்யூ' பயன்படுகிறது.

ஜிபிடியும் புதிய தடைகளும்

எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளைக் கையாளாது. அதன் இடத்துக்கு வந்த ஜிபிடி முறை பொதுவாக 128 பிரிவுகளுக்கு இடம் தருகிறது. அட்டவணையின் பிரதியைத் தட்டின் கடைசியிலும் வைக்கிறது. சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு சிதைவையும் கண்டறிகிறது. 1983ஆம் ஆண்டின் குறைகளுக்கான விடை இது.

ஆனாலும் தொடங்குவதில் வரும் கோளாறுகள் தீரவில்லை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றுக்குப் பின் பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸ் திறக்க மறுத்தது. அப்போதும் பிரிவுகளும் கோப்புகளும் அப்படியே இருந்தன. தொடக்க அனுமதி மட்டுமே மறுக்கப்பட்டது.

மீட்பை உண்மையிலேயே கடினமாக்கியவை வேறு இரண்டு. எஸ்எஸ்டி சேமிப்பகங்களில் நீக்கப்பட்ட இடத்தை 'ட்ரிம்' கட்டளை காலி என அறிவித்துவிடுவதால் பழைய தரவு விரைவில் படிக்க முடியாததாகிறது. பிட்லாக்கர் போன்ற மறையாக்கம் இருந்தால், மீட்புத் திறவுகோல் இல்லாமல் பிரிவைக் கண்டுபிடித்தும் பயனில்லை.

செய்ய வேண்டியவை

பிரிவு காணாமல் போனால் முதல் வேலை, அந்தத் தட்டில் எதையும் எழுதாமல் இருப்பது. 'இத்தட்டை ஃபார்மட் செய்யவேண்டும்' என விண்டோஸ் கேட்டால் மறுத்துவிட வேண்டும். விண்டோஸால் லினக்ஸ் பிரிவைப் படிக்க முடியாததாலும் அந்தக் கேள்வி வரக்கூடும். அடுத்து, லைவ் லினக்ஸ் மூலம் கணினியைத் தொடங்கி, முழுத் தட்டையும் வேறொரு தட்டில் படிமமாக நகலெடுக்க வேண்டும். மீட்பு முயற்சியை நகலின் மீதே செய்ய வேண்டும். முதலில் டெஸ்ட்டிஸ்க், அது பலிக்காவிட்டால் ஃபோட்டோரெக். மீட்ட கோப்புகளை அதே தட்டில் சேமிக்கக் கூடாது. கணினியைக் கடையில் கொடுப்பதானால், தரவு வேண்டும் என்பதையும் ஃபார்மட் செய்யக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.